வரப்புக்கு மருந்தடிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். நல்ல பக்கம், பல நேரம் உபயோகமாகவும் இருந்திருக்கிறது. ஆனால் சமீபத்தில் ஒரு வாசகர் வரப்பிலும் வேலியோரத்திலும் செடி மண்டிக் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, எந்தக் களைக்கொல்லியை ஒரு டேங்குக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று பதில் வந்திருந்தது. கூடவே, வரப்பு சுத்தமாக இருந்தால் பூச்சித் தொல்லை குறையும் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

எங்கள் ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மழை மறைவுப் பகுதி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். இங்கே கொறங்காடு என்று ஒன்று உண்டு, தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். வருஷா வருஷம் உழுது பயிர் வைக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கும் சொந்தப் பட்டா நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப்புல், மேலே அங்கங்கே வெள்வேல மரம், நான்கு பக்கமும் கிளுவை வேலி. காங்கயம் மாடு இந்தப் புல்லைத் தின்றுதான் அந்தக் கட்டுடம்பு பெற்றது. திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் இந்தக் கொறங்காடுகள் பரவிக் கிடக்கின்றன. கிடந்தன என்று எழுத வேண்டிய நாள் சீக்கிரம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஏனென்றால் காற்றாலைக்கும் சோலாருக்கும் வீட்டுமனைக்கும் விற்றது போக மிச்சம் இருப்பதிலும் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள்.

கிளுவை வேலி போடுவதற்குப் பெரிய செலவில்லை. போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நெருக்கமாக நட்டால் ஈரம் கண்டதும் துளிர்த்துக்கொள்ளும், நடுவில் குறுக்கே கட்டிவிட்டால் நாலைந்து வருஷத்தில் ஆடு நுழைய முடியாத வேலி ஆகிவிடும். அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது. அந்த வேலிக்குள் நாம் நடாத செடிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். குருவி எச்சத்தில் கோவைக்கொடி வரும், சங்குமுள் வரும். காற்றில் சிறுகுறிஞ்சான் விதை வரும். பிரண்டை, முடக்கத்தான், தண்ணீர்விட்டான், ஆகாசகருடன் எல்லாம் ஏறும். மழை பெய்த மாதத்தில் செங்காந்தள் கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனியையே சுருட்டிக் கொக்கியாக்கிக் கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து பூக்கும். அடியில் நிழல் விழுகிற இடத்தில் கள்ளிமுளையான் இருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அதைப் பிடுங்கி அப்படியே மென்று தின்பார்கள், பசியும் தாகமும் அடங்கும் என்று. அதே செடியின் சாற்றை இப்போது உடம்பு இளைக்கிற மாத்திரை என்று வெளிநாட்டில் விற்கிறார்கள், அதற்காகச் சாக்குக்கணக்கில் பிடுங்கிக்கொண்டு போனதில் எங்கள் பக்கம் தேடிப் பார்த்தால்தான் கிடைக்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

இத்தனை வகையும் ஓர் ஏக்கர் காட்டின் ஓரத்தில் ஒரு முழ அகலத்தில் நின்றுகொண்டிருந்தது. பயிர் நிற்கிற நடு நிலத்தில் இந்தச் செடிகளுக்கு இடமில்லை என்பது எனக்கும் தெரியும். நானும் களை எடுக்கிறவன்தான், சோளத்தில் சுடுமல்லி வந்தால் அதை விட்டுவைக்கச் சொல்லமாட்டேன். நான் பேசுவது அந்த ஓரத்தைப் பற்றி. வரப்பு, வேலி, வாய்க்கால் கரை, கிணற்றைச் சுற்றி உள்ள மேடு, பாறைக்கட்டு. உழவு படாத இந்தத் துண்டு இடங்களில்தான் அபூர்வமாகிப்போன செடிகள் எல்லாம் ஒதுங்கி நிற்கின்றன. அங்கேயும் மருந்தடித்தால் போக அவற்றுக்கு வேறு இடமே கிடையாது.

பூச்சி குறையும் என்ற அந்த வரிக்கு வருகிறேன். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி வந்தது ஞாபகம் இருக்கும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று எதையும் விடவில்லை. கொங்கு நாட்டில் மல்பெரித் தோட்டத்தை அழித்தவர்கள் எத்தனையோ பேர். எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை, மேலே மெழுகு போர்த்திக்கொண்டிருக்கும் பூச்சி அல்லவா. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சின்னதான ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து, இங்கே பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். கொஞ்ச மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மருந்துக்கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள், ஆனால் வேளாண் பல்கலைக்கழகத்து ஆட்களைக் கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்பட வேண்டிய வேலைதான் அது.

அந்த மாதிரிக் குளவிகளில் நம் மண்ணிலேயே பிறந்தவை எத்தனையோ இருக்கின்றன. காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைப்பது, இலைச்சுருட்டுப் புழுவைக் கொட்டி அதன் மேலேயே குஞ்சு வளர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஆனால் குஞ்சுதான் புழுவைத் தின்னும். இறக்கை முளைத்த குளவி உயிர்வாழ்வது பூந்தேனில். அது வாய் சின்னதாக உள்ள பூச்சி, ஆழமான பூவில் தேன் எடுக்க முடியாது. வரப்பில் கிடக்கிற சின்னச் சின்னப் பூக்கள், நாம் பூ என்று எண்ணிக்கூடப் பார்க்காத சாரணை, சிறுபீளை, செப்புநெருஞ்சி மாதிரியானவைதான் அதற்குத் தோது. தேன் கிடைத்த குளவி பல நாள் உயிரோடிருந்து நிறைய முட்டை வைக்கும், கிடைக்காதது சீக்கிரம் செத்துப்போகும். அப்படியிருக்க வரப்பு சுத்தமாக இருந்தால் யாருக்கு நல்லது? நம் பயிரைத் தின்கிற புழுவுக்குத்தான்.

இதைக் கேட்டால் சிலர் இது ஏதோ இயற்கை விவசாயிகள் பேசுகிற பேச்சு என்பார்கள். சரி, 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது அரசாங்கம் தந்த துண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். வரப்பு ஓரமாகத் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதையுங்கள், நன்மை செய்யும் பூச்சிகள் பெருகும் என்றுதான் அதில் இருந்தது. நெல்லுக்கும் இதையே சொல்கிறார்கள், வரப்பில் பூச்செடி போடுங்கள் என்று. விதை வாங்கி, தண்ணீர் விட்டு, ஆள் வைத்துப் பூ வளர்க்கச் சொல்கிற அதே ஊரில், தண்ணீர் கேட்காமல், விதை கேட்காமல் தானாக வந்து நிற்கிற தும்பையையும் ஆவாரையையும் காசு கொடுத்து மருந்து வாங்கி அடித்துக் கொல்கிறோம். இரண்டு யோசனையும் ஒரே பக்கத்தில் வெளிவருகிறது, அதுதான் என் வருத்தம்.

கத்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரிப் பூவில் மகரந்தப்பை திறந்து உதிராது, நுனியில் ஊசித் துளை மாதிரி இருக்கும், அதன் வழியாகத்தான் தூள் வெளியே வர வேண்டும். வளர்ப்புத் தேனீக்கு அதை எடுக்கத் தெரியாது. பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை விர்ரென்று அதிர வைக்கிற வண்டுக்குத்தான் அந்தத் தூள் கொட்டும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்பவை மரத்தைத் துளைக்கிற கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தனித் தேனீயும். கருவண்டு பட்டுப்போன கிளையிலும் மூங்கிலிலும் குடியிருக்கும், நீலப்பட்டைக்காரி வரப்பு மண்ணிலும் மண்சுவரிலும் துளை போட்டுக் குடியிருப்பாள். கத்திரி வருஷம் முழுக்கப் பூக்காது இல்லையா, மற்ற மாதங்களில் இவை எதைத் தின்னும்? ஆவாரம்பூவைப் பிரித்துப் பாருங்கள், அதிலும் அதே மாதிரி நுனியில் துளை வைத்த மகரந்தப்பைதான். அப்புறம் கிலுகிலுப்பை, தும்பை. வேலியில் ஆவாரை நின்றால்தான் தோட்டத்தில் கருவண்டு இருக்கும், கருவண்டு இருந்தால் கத்திரியில் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இன்னும் கண்ணெதிரே பார்க்க வேண்டுமென்றால் மூலனூருக்கு வாருங்கள், ஒட்டன்சத்திரம் பக்கம் போனாலும் சரி. செங்காந்தளைத்தான் அங்கே கண்வலிக்கிழங்கு என்று பயிராக வைத்திருக்கிறோம், விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. நம் மாநிலப் பூவும் அதுதான். அந்தப் பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டுத் தள்ளி நிற்கும், வேறு யாராவது கொண்டுவந்து சேர்த்தால்தான் காய் பிடிக்கும். காட்டில் அதைப் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் செய்யும். எங்கள் தோட்டங்களில் காலை நேரத்தில் ஆள் போட்டு, ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறோம். கூலி கொடுத்து. பல ஏக்கர் ஒரே பயிராக நிற்கும்போது இருக்கிற பூச்சி போதாமல் போவது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோட்டங்களைச் சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் கம்பி வேலி, மொட்டையான வரப்பு, மற்ற மாதங்களில் ஒரு பட்டாம்பூச்சி வந்து உட்கார ஒரு பூ கிடையாது. இன்னொரு கொடுமை, இந்தப் பயிருக்குக் கிழங்கு வேண்டுமென்று காட்டிலும் வேலியிலும் இருந்ததைத் தோண்டிக்கொண்டு போனதில் தானாக முளைத்த செங்காந்தளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தோட்டத்தில் ஏக்கர் கணக்கில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லக் கூடாது. வேலியில் நிற்பது நாமாகத் தேர்ந்தெடுக்காத பல குணங்களோடு நிற்பது, தோட்டத்தில் உள்ளது விதை அதிகம் தருவதென்று பார்த்து எடுத்து வைத்தது.

பட்டாம்பூச்சி என்றதும் அழகுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அழகும் ஒரு காரணம்தான் என்றாலும். ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு செடி, கரிசல் காட்டிலும் வரப்பிலும் தரையோடு படர்ந்து கிடக்கும், பேரைப் போலவே ஆடு வாய் வைக்காது, அவ்வளவு கசப்பு. கறுப்பு இறக்கையும் ரத்தச் சிவப்பு உடம்புமாக ஒரு பெரிய பட்டாம்பூச்சி பறக்குமே, அதன் புழு இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தவிர வேறெதையும் தின்னாது. செடியின் விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கும். எங்கள் பக்கம் போல மலை இல்லாத சமவெளியில் அதற்கு இந்த ஒரு செடிதான் பெரும்பாலும் கதி. அதே மாதிரி எருக்கில் வளர்வது வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சி. இந்த வரியன் கூட்டத்தில் பல வகைகள் கோடை முடிகிற நேரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கூட்டங்கூட்டமாகக் கிழக்கே போய், ஐப்பசி வாக்கில் திரும்பி வரும், எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். வழியில் ஆண் பட்டாம்பூச்சிகள் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் மொய்த்துக் கிடக்கும். அதிலிருந்து எடுக்கிற சத்தில்தான் பெண்ணைக் கவர்கிற வாசனையே அவற்றுக்கு உண்டாகிறது. கிலுகிலுப்பை என்பது நம்மைப் பொறுத்தவரை வேலியோரத்தில் காய் குலுங்குகிற ஒரு களை, பிள்ளைகள் ஆட்டி விளையாடுவது. அவற்றுக்கு அது இல்லாவிட்டால் சந்ததியே சிரமம். கூடவே அது பயறு வகைச் செடி, வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேர்க்கும். கொழுஞ்சி, அவுரி, செப்புநெருஞ்சி எல்லாம் அப்படித்தான், நாம் மூட்டை விலை கொடுத்து வாங்கும் யூரியாவைச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிற செடிகள்.

ஆசிரியர் அவர்களே, இதுவரை சொன்னதெல்லாம் இந்த வருஷப் பயிருக்கான கணக்கு. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை.

அமராவதிக் கரையிலும் நொய்யல் கரையிலும் பேய்க்கரும்பு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், நாணல் என்றும் சொல்வார்கள், வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூ விட்டு நிற்கும். சாறு கிடையாது, இனிப்பு கிடையாது, வாய்க்காலை அடைக்கிற சனியன் என்று திட்டிக்கொண்டே வெட்டுவோம். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது பார்பர் துரையும் டி. எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளை என்ற தடித்த இனிப்புக் கரும்பை, கோயம்புத்தூரில் காட்டுத்தனமாக நின்ற இந்தப் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். அதில் பிறந்ததுதான் கோ 205. 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. குளிரும் வறட்சியும் தாங்காமல் நல்ல கரும்பு வராமல் இருந்த வட நாட்டில் அதற்கப்புறம்தான் கரும்பு விவசாயம் தலையெடுத்தது. இனிப்பு ஒரு பக்கமிருந்து வந்தது, தாங்கும் சக்தி வாய்க்கால் கரையிலிருந்து வந்தது. இன்றைக்கு உலகத்தில் எங்கே கரும்பு போட்டாலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பேய்க்கரும்பின் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது. நம் ஊர் ஓரத்துச் செடி அது, நம் ஊர் ஆராய்ச்சி அது, நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நெல்லிலும் இதேதான் நடந்தது. 1970-களில் நெற்பயிரைப் புல்போலக் குட்டையாக்கிக் கதிரே வராமல் செய்கிற ஒரு வைரஸ் நோய் ஆசியா முழுக்கப் பரவியது, புகையான் பூச்சி பரப்புவது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கு மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்துப் பார்த்தும் அந்த நோயைத் தாங்குகிற ஒன்று கிடைக்கவில்லை, கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில் கிடைத்தது. வயலோரக் குட்டைகளிலும் பள்ளங்களிலும் தானாக முளைத்து, மணி முற்றும் முன்பே உதிர்ந்துபோகிற, விவசாயி பார்த்தால் பிடுங்கிப் போடுகிற நெல் அது. அதன் எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டுதான் 1976-ல் ஐஆர் 36 வந்தது, ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகப் பரப்பில் நட்ட நெல் ரகம். அந்தக் குட்டையை யாராவது அதற்கு முந்தைய வருஷம் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் கொறங்காட்டில் நரிப்பயறு படர்ந்து கிடக்கும். பச்சைப்பயறுக்கும் உளுந்துக்கும் பங்காளி. ஒரு மழையில் முளைத்து அடுத்த மழை வராவிட்டாலும் பூத்துக் காய்த்துவிடும், ஆடு மாடு விரும்பித் தின்னும், பஞ்ச காலத்தில் மனுஷனும் அவித்துத் தின்றிருக்கிறான். பங்குனி வெயிலில் பச்சைப்பயறு வாடித் தொங்கும்போது பக்கத்திலேயே நரிப்பயறு பச்சையாக நிற்பதை மேய்ச்சல் காட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளரிக்குச் சொந்தமான மிதுக்கு, எள்ளுக்குச் சொந்தமான காட்டெள், துவரைக்குச் சொந்தமான காட்டுத்துவரை எல்லாம் இப்படி ஓரங்களில்தான் இருக்கின்றன. மழை இன்னும் குறைந்து வெயில் இன்னும் ஏறப்போகிற காலத்தில் நமக்கு எது தேவைப்படும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. விதை வங்கியில் எடுத்து வைத்திருக்கிறார்களே என்பார்கள். வைத்திருக்கட்டும், அவசியம்தான். ஆனால் டப்பாவுக்குள் இருக்கிற விதை எடுத்து வைத்த வருஷத்து வெயிலோடு நின்றுவிடுகிறது. வரப்பில் நிற்கிறது ஒவ்வொரு வருஷ வெயிலையும் புதுப் பூச்சியையும் பார்த்துப் பழகிக்கொண்டே வருகிறது.

மண்ணுக்குள் விதை கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும் என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டு. பாதி உண்மை. அமெரிக்காவில் மிச்சிகனில் 1879-ல் வில்லியம் பீல் என்பவர் களைச் செடிகளின் விதையைக் குப்பிகளில் போட்டுப் புதைத்து வைத்தார், 2021-ல் ஒரு குப்பியைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது 142 வருஷம் கழித்தும் சில முளைத்தன. ஆனால் முளைத்தது ஒரே ஒரு வகையைச் சேர்ந்தவை, அவர் போட்ட மற்றவை எப்போதோ செத்துவிட்டன. எது எத்தனை வருஷம் தாங்கும் என்பது செடிக்குச் செடி மாறும். பூக்கும் முன்பே வருஷா வருஷம் மருந்தடித்துக்கொண்டு போனால் மண்ணில் உள்ள இருப்பு கரைந்துகொண்டே போய் ஒரு நாள் முடிந்துவிடும். அப்போது அந்த இடத்தைப் பிடிப்பது பார்த்தீனியம். இதுதான் நடைமுறையில் நடக்கிறது, மருந்தடித்த வரப்பில் முதலில் வந்து உட்காருவது அதுவும் மருந்துக்குப் பழகிப்போன இரண்டு மூன்று புல்லும்தான்.

எல்லாச் செடியையும் காப்பாற்றச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் வேறு கண்டத்திலிருந்து வந்தவை, பிடுங்க வேண்டியவை. 2000-ல் ஆந்திராவில் அனந்தப்பூர்ப் பக்கம் நிலக்கடலையை அழித்த வைரஸ் நோய்க்குப் பார்த்தீனியம்தான் உறைவிடமாக இருந்தது. சில நாட்டுக் களைகளிலும் தேமல் நோய் தங்கும், பயிரை ஒட்டி நிற்பதில் நோய்க்குறி கண்டால் பிடுங்கத்தான் வேண்டும். நான் கேட்பது செடி எது என்று பார்த்துப் பிடுங்குங்கள் என்பதைத்தான். களைக்கொல்லிக்குச் செடியின் பேர் தெரியாது.

அப்புறம் கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி விஷயம். இந்த மருந்துக்கு நம் நாட்டில் அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணை போட்டது. ஆனால் கிராமத்தில் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல், வாய்க்கால் கரை முழுக்க அடிக்கிறார்கள். அந்த வாய்க்கால் தண்ணீரை மாடு குடிக்கிறது. பத்திரிகையில் அளவு சொல்லி எழுதும்போது இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

வரப்பு கரைவதைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. அருகும் கோரையும் வேரோடு பிடித்திருந்த வரப்பு பத்து மழைக்குக்கூட அசையாது. மருந்தடித்து வேர் செத்த வரப்பு ஒரு ஐப்பசி மழையில் வழிந்து வயலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் வரப்பு அணைக்க ஆள் தேட வேண்டும். மருந்தில் மிச்சம் பிடித்த கூலி அங்கே போகிறது.

பெண்களைக் கேட்டால் வேறொரு நஷ்டம் சொல்வார்கள். களை எடுக்கப் போகிறவர்கள் மடி நிறையப் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை, சாரணை என்று பறித்து வருவார்கள், ராத்திரிக்கு அதைக் கடைந்து களியோ சோறோ. காசு கொடுக்காமல் கிடைத்த சத்து அது, நிலமில்லாத வீட்டுக்கும் கிடைத்தது. களை எடுப்பு போய் மருந்தடிப்பு வந்த பிறகு கூலியும் போனது, கீரையும் போனது. இப்போது சந்தையில் தண்டங்கீரையையும் பாலக்கையும் தவிர வேறு பார்ப்பதே கஷ்டம். பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் வேண்டும், அதைக்கூட எங்கள் ஊர்க்காரர்களே தாராபுரத்தில் கட்டு இத்தனை ரூபாய் என்று வாங்கி வருகிறார்கள். காடு வைத்திருக்கிறவன் பூளைப்பூவைக் காசு கொடுத்து வாங்குவதா என்று எனக்கு மனது ஆறமாட்டேன் என்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். விவசாயிக்குக் கையிலிருந்து நஷ்டமாகிற எதையும் நான் சொல்லவில்லை. வரப்பை அரிவாளால் அறுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுக்காமல் ஒரு பக்கம் இப்போது, மறுபக்கம் பூ முடிந்து விதை விழுந்த பிறகு. அறுத்தது மாட்டுக்கு ஆகும். புது வேலி போடுகிறவர்கள் கம்பி இழுத்தாலும் அதை ஒட்டி உள்பக்கமாகக் கிளுவைப் போத்தையும் நடட்டும், கம்பி துருப்பிடிக்கிற காலத்தில் கிளுவை முழு வேலியாக நிற்கும். ஊரக வேலைத் திட்டத்தில் வாய்க்கால் கரையையும் குளக்கரையையும் தரை தெரியச் செதுக்குவதற்குப் பதில், பார்த்தீனியத்தை மட்டும் பிடுங்கி, கிளுவையும் ஆவாரையும் நடுகிற வேலை கொடுக்கலாம், கூலி அதேதான்.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும், ஊரில் உள்ள செடி, கொடி, உயிரினம் எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். பல ஊர்களில் அது ஒரு நோட்டாகப் பீரோவில் இருப்பதோடு சரி. கிராம சபையில் அந்தப் பதிவேட்டை எடுத்து வைத்து, ஆடு மேய்க்கிற பெரியவர்களையும் களை எடுக்கிற அம்மாக்களையும் கேட்டு எழுதினால் ஒரே கூட்டத்தில் பாதிப் பக்கம் நிறைந்துவிடும். எந்த வேலியில் எது இருக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? சுவிட்சர்லாந்தில் அரசு மானியம் வாங்குகிற விவசாயி தன் நிலத்தில் குறைந்தது 7 சதவீதத்தை இப்படிப்பட்ட இயற்கையான ஓரங்களுக்காக விட வேண்டும் என்று விதி வைத்து, அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள். நமக்கு 7 சதவீதம் எல்லாம் வேண்டாம், இருக்கிற கிளுவை வேலியைப் பிடுங்காமல் வைத்திருக்கிற கொறங்காட்டுக்காரருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை கொடுத்தாலே அவர் கல்லுக்காலுக்குப் போகமாட்டார். சொட்டுநீருக்கு மானியம் கொடுக்கிறோம், பவர் டில்லருக்குக் கொடுக்கிறோம், உயிர்வேலிக்கு ஏன் கூடாது?

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பயிர் நிற்கிற பாத்தி வேறு, வரப்பு வேறு என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது, வேளாண் பக்கத்தில் வாரம் ஒரு வரப்புச் செடியைப் படத்தோடு போடுங்கள். ஊருக்கு ஊர் பேர் மாறும், எங்கள் பூளைப்பூ உங்களுக்குச் சிறுபீளை, அதனால் எல்லாப் பேரையும் போடுங்கள். அது எதற்கு உதவும், எந்தப் பூச்சி அதில் வரும், எப்போது விதைக்கும் என்று நாலு வரி போதும். எழுத ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நான் எழுதி அனுப்புகிறேன், சன்மானம் எதுவும் வேண்டாம். அதைப் படித்துவிட்டுக் கிளுவைப் போத்து எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் யாராவது கேட்டு எழுதினால் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள், வெட்டிக் கட்டிக் கொடுக்க எங்கள் பக்கம் ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயி ஒருவர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.